நட்டில் ஒரு சிவப்புக் கோடு

அத்தியாயம் 4

"கொலைகாரன்னு ஒரு தடவை சொன்ன, பொறுத்துக்கிட்டேன். இன்னொரு தடவை சொன்னா இந்தக் கட்டிலோட எந்திரிச்சு வந்து அறைவேன், அண்ணா!"

எலும்பு முறிவு வார்டின் கடைசி அறைக் கதவை நான் திறந்ததும் முதலில் வெளியே வந்தது இந்தக் குரல்தான். குரலின் சொந்தக்காரி ஒரு பாட்டு டீச்சர். இடது கால் தொடையிலிருந்து பாதம் வரை மாவுக்கட்டில் தொங்கிக்கொண்டிருந்தது. நெற்றியில் தையல். தொண்டைக்கு மட்டும் ஒன்றும் ஆகவில்லை என்பது பக்கத்து அறைக்காரர்களுக்கெல்லாம் தெரிந்திருக்கும்.

"உள்ள வரலாமா?" என்றார் என் பின்னால் நின்ற அத்தை.

அத்தை என்றால் என் மாமியார். எங்கே கார் மோதினாலும், அது தானாக மோதியதா, யாராவது மோத வைத்தார்களா என்று இன்ஷூரன்ஸ் கம்பெனிக்குப் பார்த்துச் சொல்வதே அவர் உத்தியோகமாக இருந்தது. ஓய்வு பெற்ற பிறகும் ஆட்கள் அவரை விடுவதாயில்லை. நான் வேலை பார்த்த கம்பெனியை இழுத்து மூடியதிலிருந்து அவருக்கு டிரைவர், உதவியாளர், திட்டு வாங்குபவர் எல்லாம் நான்தான். மாப்பிள்ளை என்ற மரியாதை இம்மியும் குறையாமல் ஒருவனை எப்படித் திட்டலாம் என்பதை அத்தையிடம்தான் கற்றுக்கொள்ள வேண்டும்.

அறையில் இன்னும் இரண்டு பேர் இருந்தார்கள். ஒருவர் டீச்சரின் அண்ணன். டிரைவிங் ஸ்கூல் நடத்துபவர். மடிப்புக் கலையாத சட்டை, விரலில் சுழன்றுகொண்டே இருந்த சாவிக்கொத்து. இன்னொருவர் அவர் மனைவி. ஜன்னலோரம் உட்கார்ந்து, யாரும் கேட்காத ஆரஞ்சுப் பழத்தை உரித்துக்கொண்டிருந்தார்.

"நீங்களே சொல்லுங்கம்மா," என்று அண்ணன் அத்தையிடம் பாய்ந்தார். "மூக்குக்கண்ணாடி விக்கிற இவ புருஷனுக்கு ஸ்பேனர் எதுக்கு? கம்பெனிக்காரன் யோசிச்சுப் போட்ட ஷாக் அப்சார்பரையும் ஸ்ப்ரிங்கையும் வீட்டுக் கொட்டகையில வச்சுக் கழட்டிட்டு, கடையில கண்டதை வாங்கி மாட்டியிருக்கான். திருப்பத்துல சக்கரம் மடங்கி வண்டி சுவத்துல ஏறிடுச்சு. என் தங்கச்சி செத்திருப்பா! நான் சும்மா விடுவேனா? கம்ப்ளெய்ன்ட் கொடுத்தேன். உள்ள வச்சிருக்காங்க. நாளைக்குக் கோர்ட்டு."

"என்னன்னு கொடுத்த? கொல்லப் பாத்தான்னு கொடுத்த!" டீச்சர் கத்தினார்.

"அதை மாட்டறதுக்கு முந்தின வாரம் பூரா வீட்டுல சண்டைன்னு பக்கத்து வீட்டுக்காரங்களே சொல்றாங்க."

"நாங்க சண்டை போடாத வாரம் எது? என் குரலே அப்படித்தான்!"

அது உண்மை என்று என் காது சாட்சி சொன்னது.

அத்தை நாற்காலியை இழுத்துப் போட்டு, முழங்காலைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தார். "டீச்சர், உங்களுக்கு என்ன வேணும்? அதைச் சொல்லுங்க."

டீச்சர் கொஞ்சம் மூச்சு வாங்கினார். கண் கலங்கியிருந்தது. அதுவும் கோபத்தில்தான். "ரெண்டுல ஒண்ணு தெரியணும்மா. அவர் நட்டை இறுக்காம விட்டாரா, இல்ல வேற எவனாவது கை வச்சானா? அவர் விட்டிருந்தா நானே அவரைக் கம்பி எண்ண வைப்பேன், இந்தக் கால் சத்தியமா. விடலேன்னா, கோர்ட்டுக்குப் போறதுக்கு முன்னாடி அவர் இங்க வந்து என் பக்கத்துல உட்காரணும்."

"நீங்க ரெண்டு பேரும் எப்படி வேலை பார்த்தீங்க?"

அதைச் சொல்லும்போது மட்டும் டீச்சரின் குரல் இறங்கியது. கொட்டகையில் காரின் முன்பக்கத்தை ஜாக்கி வைத்துத் தூக்கி, ஸ்டாண்டில் நிறுத்தி, சக்கரத்தைக் கழற்றி, ஒவ்வொரு பக்கமாகச் செய்தார்களாம். கணவர் நீளமான ஸ்பேனரைப் போட்டு நட்டை இறுக்கி "ஆச்சு!" என்பார். உடனே டீச்சர் நெயில் பாலிஷ் பிரஷ்ஷால் நட்டிலிருந்து பக்கத்து இரும்பு வரை ஒரு கோடு இழுப்பார். பிறகு எப்போது பார்த்தாலும் கோடு நேராக இருந்தால் நட்டு நகரவில்லை. கோடு உடைந்திருந்தால் நட்டு தளர்கிறது என்று அர்த்தம்.

"கோடு போடாம ஒரு நட்டு கிடையாதும்மா. இதோ பாருங்க, அன்னிக்கே குடும்ப குரூப்ல போட்டோ போட்டாரு." போனை நீட்டினார். கழற்றிய சக்கரத்துக்குப் பின்னால் பளபளவென்று புது ஸ்ப்ரிங், நட்டுக்கு நட்டு ரத்தச் சிவப்பில் கோடு. கீழே மாமா, சித்தப்பா எல்லாருடைய கைதட்டல். அண்ணன் மட்டும் ஒன்றும் போடவில்லை.

"இது எந்தப் பக்கம்?" என்றார் அத்தை.

"வலது. இடது பக்கம் முடிக்கறதுக்குள்ள போன்ல சார்ஜ் போயிடுச்சு."

"மடங்கினது?"

"இடது."

"மாட்டின உடனேயா?"

"இல்லம்மா. அலைன்மென்ட் கடையில கொடுத்து சக்கரத்தை நேர் பண்ணிட்டு நல்லாத்தான் ஓட்டினேன். நடுவுல நாங்க வெளியூர் போயிருந்தோம். வந்த மறுநாள் ஸ்கூலுக்குக் கிளம்பினேன். முதல் திருப்பத்துலயே..."

"செடிக்குத் தண்ணி ஊத்துறதுலேருந்து எல்லாம் நான்தான் பாத்துக்கிட்டேன்," என்றார் அண்ணன். "இவளுக்கு நான் ஒருத்தன்தானே இருக்கேன்."

தங்கமான மனுஷன் என்று நினைத்துக்கொண்டேன்.

*

நசுங்கிய கார் போலீஸ் ஸ்டேஷனின் பின்புறம் வெயிலில் கிடந்தது. உள்ளே லாக்கப்பில் கண்ணாடிக் கடைக்காரர். வெளியே அவர் கார். காவலுக்கு ஒரு போலீஸ்காரர், நிழலுக்கு நாற்காலியை நகர்த்தி நகர்த்திக் களைத்துப்போயிருந்தார்.

"பாக்கறதுக்கு என்னம்மா இருக்கு? வீட்டுல பண்ண வேலை. லூஸா விட்டான், கழண்டுபோச்சு. கேஸ் முடிஞ்சது."

"முடிஞ்சதுன்னா நீங்களும் பக்கத்துல வந்து பாருங்களேன். சும்மாதானே உட்கார்ந்திருக்கீங்க," என்றார் அத்தை. மனிதர் எழுந்து வந்துவிட்டார்.

நான் தரையில் மல்லாந்து படுத்து இடது சக்கரத்தின் பின்னால் தலையை விட்டேன். "அத்தை, ஷாக் அப்சார்பரை சக்கரத்தோட பிடிக்கிறது ரெண்டே ரெண்டு பெரிய போல்ட்டு. மேல் போல்ட்டைக் காணோம். கீழ் போல்ட்டு இருக்கு, நட்டு பல்லிளிச்சுக்கிட்டு நிக்குது."

"கோடு?"

"ரெண்டுலயும் சிவப்புக் கோடு. கீழ் நட்டுல பாதி, இரும்புல பாதி. மேல போல்ட்டு இருந்த இடத்துல இரும்புல மட்டும் பாதி. சரிதான் அத்தை, கோடு போட்டுட்டு இறுக்க மறந்துட்டாரு போல. கோபமா வருது. கட்டின பொண்டாட்டி ஓட்டுற வண்டி!"

"கோபத்தை அப்புறம் படலாம் மாப்ள, முதல்ல கண்ணைத் திறந்து பாருங்க. நட்டு எப்படி இருக்கு?"

"நட்டு மாதிரி இருக்கு."

"மாப்ள."

பார்த்தேன். சுற்றிலும் எல்லாம் புழுதி அப்பிக் கிடந்தது. அந்த நட்டும் அதைச் சுற்றிய இரும்பும் மட்டும் கம்பி பிரஷ்ஷால் தேய்த்தது போல் கீறல் கீறலாகப் பளிச்சென்று இருந்தன. சிவப்புக் கோடு அந்தக் கீறல்களின் மேல்தான் போயிருந்தது.

"புது சாமானை மாட்டும்போது யாராவது கம்பி பிரஷ் போட்டுத் தேய்ப்பாங்களா?" என்றார் அத்தை. "துரு ஏறின நட்டைக் கழட்டத்தான் தேய்ப்பாங்க. இல்ல, துரு ஏறியிருக்கும்னு நினைக்கிறவங்க தேய்ப்பாங்க. கொஞ்சம் நகருங்க, பக்கத்துல சின்னக் கம்பியில ஒரு நட்டு இருக்கே, அதுல என்ன?"

"சேறு."

அத்தை முழங்கால் வலியோடு குனிந்து, கைக்குட்டையை நுழைத்துத் துடைத்தார். "சேறு மினுக்குமா மாப்ள?"

புழுதிக்கு அடியிலிருந்து ஒரு கோடு எட்டிப் பார்த்தது. நேராக, உடையாமல். அடர்ந்த ஊதா.

"இதென்ன, கலர் கலரா! அந்தம்மா கோலமா போட்டாங்க?"

அத்தை இடது பக்கம் இருந்த மற்ற நட்டுகளையும் என்னைத் துடைக்க வைத்தார். எல்லாம் ஊதா. வலது பக்கம் போய்ப் பார்த்தோம். எல்லாம் சிவப்பு. இடது பக்கத்தில் அந்த இரண்டு பெரிய போல்ட்டுகள் மட்டும் சிவப்பு. போலீஸ்காரரையும் குனியச் சொல்லிக் காட்டி, அவர் கையாலேயே போட்டோ எடுக்க வைத்தார்.

"யாரோ கழட்டியிருக்காங்க!" துள்ளி எழுந்ததில் தலை பம்பரில் இடித்தது. வலி என் கோபத்துக்கு உரம் போட்டது. "அத்தை, எனக்குத் தெரிஞ்சுபோச்சு. அலைன்மென்ட் கடை! சக்கரத்தை நேர் பண்றேன்னு அவன்தான் கழட்டியிருக்கான். சரியா இறுக்காம விட்டுட்டு, மாட்டிக்கக் கூடாதுன்னு கோடு போட்டுட்டான். ஒரு மனுஷன் லாக்கப்புல கிடக்கான், இவன் ஜாலியா கடை நடத்திட்டிருக்கான்!"

"போய்க் கேப்போம்," என்றார் அத்தை. "கையை மட்டும் பாக்கெட்லயே வச்சுக்கங்க."

*

அலைன்மென்ட் கடைக்காரருக்கு அந்தத் தெருவில் 'நேர்கோடு' என்று பெயர். கடைப் பலகை மட்டும் கோணலாகத் தொங்கியது. நாங்கள் போனபோது குழிக்குள் நின்றபடி ஒரு வேனின் அடியில் திருகிக்கொண்டிருந்தார்.

கையைப் பாக்கெட்டில் வைக்க எனக்கு மறந்துபோயிற்று. குனிந்து அவர் சட்டைக் காலரைப் பிடித்துவிட்டேன். "ஏறு மேல! ஒரு பொம்பளை காலை உடைச்சுட்டு இங்க என்ன திருகிக்கிட்டிருக்க?"

"யோவ்! யாருய்யா நீ? காலரை விடு!"

"மாப்ள," என்றார் அத்தை. விட்டேன்.

விஷயத்தைக் கேட்டதும் நேர்கோடு குழியிலிருந்து ஏறி வந்தார். என்னைவிடக் கோபமாக இருந்தார். "நானா கழட்டினேன்? அந்த மாடல் காருக்கு அந்த ரெண்டு போல்ட்டைத் தொடவே வேண்டாம்யா! ஸ்டீயரிங்லேருந்து சக்கரத்துக்கு ஒரு கம்பி வருது பாரு, அதைத் திருப்பினா வேலை முடிஞ்சுது. வீட்டுல பண்ணின வேலைன்னாலே நான் வண்டியை எடுக்க மாட்டேன். அதனாலதான் சக்கரத்தைக் கழட்டி முதல்ல ஒரு பார்வை பார்த்தேன். பார்த்தா, அசந்துட்டேன். என் கடையிலகூட அவ்வளவு சுத்தமா இறுக்க மாட்டாங்க."

"கோடு பார்த்தீங்களா?" என்றார் அத்தை.

"பாக்காம? வலது பக்கம் பூரா சிவப்பு, இடது பக்கம் பூரா ஊதா. 'என்னங்க, ரெண்டு பக்கமும் ரெண்டு கட்சியா?'ன்னு கேட்டேன். 'வீட்டம்மாவோட சிவப்பு பாட்டில் பாதியிலயே தீர்ந்துபோச்சுங்க, அதுக்கு நான்தான் திட்டு வாங்கினேன்'னு கண்ணாடிக்காரரு சிரிச்சாரு. நல்ல மனுஷன். அவரையா உள்ள வச்சிருக்காங்க? எந்த முட்டாள் கம்ப்ளெய்ன்ட் கொடுத்தது?"

"அந்த ரெண்டு பெரிய போல்ட்டுலயும்?"

"அதுலயும் ஊதாதான். சத்தியமா."

காரில் ஏறியதும் நான் ஸ்டீயரிங்கில் ஒரு குத்து விட்டேன். அது பாவம், ஹாரன் அடித்தது. "போச்சு. இவனும் இல்ல."

"ஏன் இல்ல, சொல்லுங்க பார்ப்போம்."

"அவனுக்குத்தான் இடது பக்கம் ஊதான்னு தெரியுமே. மறைக்கணும்னா ஊதாதான் வாங்கிப் போடுவான், சிவப்பு எதுக்குப் போடறான்? புருஷனுக்கும் தெரியும். டீச்சர்தான் போட்டதே." சாவியைத் திருப்பப் போன கை நின்றது. "அத்தை... அப்ப சிவப்பு போட்டவனுக்கு, கோடு இருக்குன்னு தெரியும், சிவப்புன்னு தெரியும். இடது பக்கம் வேறன்னு மட்டும் தெரியாது."

"அந்த மாதிரி எங்க பார்த்திருப்பான்?"

போட்டோ. குடும்ப குரூப். வலது பக்கம் மட்டும்.

"வண்டியை எடுங்க மாப்ள," என்றார் அத்தை. "பழம் உரிச்சு முடிக்கறதுக்குள்ள போயிடணும்."

*

அறையில் எல்லாரும் அப்படியே இருந்தார்கள். சாவிக்கொத்து இன்னும் சுழன்றுகொண்டிருந்தது.

"என்னம்மா, பார்த்தீங்களா?" என்றார் அண்ணன். "சிவப்பா கோடு மட்டும் போட்டு வச்சிருக்கான். உள்ள இறுக்கவே இல்ல. நான் சொன்னேனா இல்லையா?"

"சொன்னீங்க," என்றார் அத்தை. டீச்சர் பக்கம் திரும்பினார். "உங்ககிட்ட ஒண்ணே ஒண்ணு கேக்கணும். இடது பக்கம் நட்டுகளுக்கு நீங்க என்ன கலர் போட்டீங்க?"

"ஊதா. சிவப்பு தீர்ந்துபோச்சு." டீச்சர் நிமிர்ந்தார். "ஏன்?"

"மடங்கின சக்கரத்தைப் பிடிச்ச ரெண்டு போல்ட்டுலயும் இப்ப சிவப்பு இருக்கு."

சாவிக்கொத்து நின்றது.

"புழுதிக்கு அடியில உங்க ஊதாக் கோடு இருந்தது தெரியாம கம்பி பிரஷ்ஷால தேய்ச்சு எடுத்துட்டு, நட்டைக் கழட்டி, திரும்பவும் கையால பேருக்கு மாட்டி, மேல சிவப்புக் கோடு இழுத்திருக்காங்க. இழுத்தவருக்கு உங்க வீட்டுக்காரர் போட்ட போட்டோ மட்டும்தான் தெரியும். நீங்க வெளியூர் போயிருந்தப்ப கொட்டகைச் சாவி யார்கிட்ட இருந்துச்சு?"

ஆரஞ்சுத் தோல் தரையில் விழும் சத்தம் கேட்டது. அண்ணன் மனைவி எழுந்து நின்றிருந்தார். அவர் விரல் நகங்களில் அதே ரத்தச் சிவப்பு.

"கதவுல கீறல் விழுந்திருக்கு, டச் பண்ணணும்னு என் நெயில் பாலிஷை எடுத்துட்டுப் போனீங்களே," என்றார் அவர், கணவனைப் பார்த்து. "எந்தக் கதவு? நம்ம வண்டி எதுவும் சிவப்பு இல்லையே!"

"நீ சும்மா இருடி..."

"அண்ணா." டீச்சர் கத்தவில்லை. இவ்வளவு நேரத்தில் அண்ணனிடம் அவர் மெதுவாகப் பேசியது இதுதான் முதல் தடவை. "நீயா?"

மனிதர் சுவரில் சாய்ந்துவிட்டார். "உன் நல்லதுக்குத்தான்மா. அந்த வண்டி தூக்கித் தூக்கிப் போட்டுச்சு. ஒரு தடவை உக்காந்தேன், இடுப்பு போச்சு. அவன் ஆசைக்கு நீ ஏன் கஷ்டப்படணும்? பழசைத் திரும்ப மாட்டி வச்சுடலாம்னு நினைச்சேன். போல்ட்டு ரெண்டையும் கழட்டின பிறகுதான் பழைய ஸ்ப்ரிங்கைப் பார்த்தேன், அது தனியாக் கழண்டு கிடந்துச்சு. அதை அழுத்திப் பிடிச்சு மாட்டற சாமான் என்கிட்ட இல்ல. வாசல்ல வேற யாரோ கூப்பிட்டாங்க. அவசரத்துல திரும்ப மாட்டி, கை வச்சது யாருக்கும் தெரியக் கூடாதுன்னு கையோட கொண்டுபோன பாலிஷால கோடும் போட்டுட்டேன்..."

"எதை வச்சு இறுக்கினீங்க?" என்றேன் நான். அடக்க முடியவில்லை.

"டூல்ஸ் பையில ஒரு குட்டி ஸ்பேனர் இருந்துச்சு."

"குட்டி ஸ்பேனர்! நீங்க டிரைவிங் ஸ்கூல் நடத்தறீங்க!"

"அப்புறமா வந்து சரி பண்ணிடலாம்னு நினைச்சேன். மறந்துபோச்சு. வண்டி மோதிடுச்சுன்னு போன் வந்தப்பதான் ஞாபகம் வந்துச்சு. பயந்துட்டேன்."

"பயந்துபோய் அவர் மேல கம்ப்ளெய்ன்ட் கொடுத்தியா?" டீச்சரின் குரல் ஏற ஆரம்பித்தது. "நீ கழட்டின நட்டுக்கு அவர் லாக்கப்புல உக்காந்திருக்காரு. நீ இங்க என் தலைமாட்டுல நின்னு கொலைகாரன் கொலைகாரன்னு கத்தறியே! அவன் ஆசை, அவன் ஆசைங்கறியே, அந்த ஸ்ப்ரிங்கைக் கேட்டது யாரு? நான்! அது என் வண்டி. வளைவுல சாயாம ஓடணும்னு நான்தான் கேட்டேன். அவர் வேண்டாம்னாரு. அதுக்குத்தான் அந்த வாரம் பூரா சண்டை. மாட்டினதுக்கு அப்புறம் நான் எவ்வளவு சந்தோஷமா ஓட்டினேன் தெரியுமா? ஒரு வார்த்தை... ஒரே ஒரு வார்த்தை என்னைக் கேட்டியா?"



"சரி, சரி. இப்பவே போய் கம்ப்ளெய்ன்டை வாபஸ் வாங்கிடறேன்," என்றார் அண்ணன். "தெரியாம கொடுத்துட்டேன்னு சொல்லிடறேன். அவன் வெளிய வந்துடுவான். நமக்குள்ளயே முடிச்சுக்கலாம்."

"வாபஸ் இல்ல. சொல்லணும். கம்பி பிரஷ்லேருந்து நெயில் பாலிஷ் வரைக்கும் எல்லாத்தையும் நீ உன் வாயால சொல்லணும்."

"என் ஸ்கூல் போயிடும்மா. இது வெளிய தெரிஞ்சா எவன் என்கிட்ட வண்டி கத்துக்க வருவான்?"

"வராம இருக்கட்டும்! எனக்குக் கால் போயிருக்கு. அவருக்கு மானம் போயிருக்கு. உனக்கு மட்டும் ஒண்ணும் போகக் கூடாதா?"

"நீங்க சொல்லலேன்னா நான் போய்ச் சொல்றேன்," என்றார் அவர் மனைவி. செருப்பை மாட்டிக்கொண்டிருந்தார்.

அத்தை எழுந்து கதவைத் திறந்துவிட்டார். "ஸ்டேஷன் வரைக்கும் மாப்ள கொண்டுபோய் விடுவாரு. திரும்பி வரும்போது கண்ணாடிக் கடைக்காரரை இங்க கூட்டிட்டு வந்துடுவாரு. சீக்கிரம் கிளம்புங்க."

நான் அண்ணனின் தோளைத் தொடவில்லை. தொட்டால் என் கை சும்மா இருக்காது. அவர் தலையைக் குனிந்தபடி கட்டிலைச் சுற்றிக்கொண்டு வாசலுக்குப் போனார்.

"அண்ணா."

திரும்பினார். அந்த ஒரு வார்த்தையில் ஏதாவது மிச்சம் இருக்குமா என்று பார்ப்பது அவர் முகத்தில் தெரிந்தது.

டீச்சர் கையை நீட்டினார். "வீட்டுச் சாவி."

அவர் கொத்திலிருந்து அந்தச் சாவியைக் கழற்றப் பார்த்தார். வளையம் லேசில் திறக்கவில்லை. யாரும் உதவிக்குப் போகவில்லை. கடைசியில் அது கழன்று வந்தது. டீச்சர் அதை வாங்கித் தலையணைக்கு அடியில் வைத்துக்கொண்டு, முகத்தைச் சுவர்ப் பக்கம் திருப்பிக்கொண்டார்.